பச்சைத் தேநீரும் பற்களின் அமில அரிப்பும்

புளி தின்றால் பல் கூசும் என்பது சிறு வயதிலேயே நாம் அனைவரும் அறிந்துகொண்ட செய்தி. மாங்காயைக் கடித்துத் தின்றுவிட்டு, அடுத்த வேளைச் சோற்றை மெல்ல முடியாமல் தவித்த நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும். அந்தக் கூச்சம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். ஆனால், புளிப்பு எதுவும் தின்னாத நாளிலும், குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசுகிறது என்று கூறி எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் பலர். அவர்களுள் ஒரு சாராருக்குச் சொத்தை இல்லை. ஈறு நோய் இல்லை. நாள்தோறும் இருமுறை பல் துலக்கும் பழக்கமும் உண்டு. உணவுப் பழக்கத்தைக் கேட்டறியும்போது, "உடல் எடை குறையட்டும் என்று தினமும் காலையில் எலுமிச்சை பிழிந்து கிரீன் டீ குடிக்கிறேன், அது பல்லுக்கும் நல்லது என்கிறார்களே?" என்ற விடை வருவதுண்டு.

பச்சைத் தேயிலை பல்லுக்கு நன்மை செய்யக்கூடியதே. ஆயினும் அதில் பிழியப்படும் எலுமிச்சை அந்த நன்மையை அழித்துவிடுகிறது. இவ்விரண்டும் ஒரே கோப்பைக்குள் இருப்பதால்தான் குழப்பம் நேர்கிறது. இழந்த பற்சிப்பி மீண்டும் வளராது. எனவே இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அமில அரிப்பு என்பது யாது?

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் வெண்மையான உறை எனாமல் எனப்படும். தமிழில் இதனைப் பற்சிப்பி என்கிறோம். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுவே. இதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப் பொருளாகும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்களால் ஆனது. இத்தனை கடினமான பொருளுக்கும் ஒரு குறை உண்டு. பற்சிப்பியை உருவாக்கும் உயிரணுக்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் காலத்திலேயே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். தேய்ந்துபோன பற்சிப்பி மட்டும் திரும்ப வளராது.

பற்சிப்பிக்கு அடியில் இருப்பது டென்டின் என்னும் திசு. இது சற்று மஞ்சள் நிறமும் மென்மையும் உடையது. தாதுப் பொருளோடு கொலாஜன் என்னும் புரத நார்களும் இதில் பின்னிக் கிடக்கின்றன. இதனுள் ஓடும் நுண்குழாய்கள் பல்லின் நரம்புப் பகுதியை நோக்கிச் செல்கின்றன. பற்சிப்பி தேய்ந்து டென்டின் வெளிப்படும்போது குளிர்ச்சியும் வெப்பமும் இனிப்பும் இக்குழாய்கள் வழியே நரம்பைத் தூண்டுகின்றன. பல் கூச்சம் பிறப்பது இவ்வாறே.

அமிலத்தின் வலிமையைப் பி.எச். என்னும் அளவுகோலால் குறிப்பர். 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது என்று பொருள். வாயின் பி.எச். ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் பற்சிப்பியிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. டென்டினும் பல்லின் வேர்ப்பகுதியும் இதனினும் மென்மையானவை. 6-ஐச் சற்றுத் தாண்டிய நிலையிலேயே அவை கரையத் தொடங்கிவிடும்.

சொத்தையும் அமிலத்தால் வருவதுதானே என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆனால் சொத்தையை உண்டாக்கும் அமிலம், பல்லின்மேல் படிந்திருக்கும் கிருமிகள் சர்க்கரையை உண்டு வெளியிடுவது. அது ஓரிடத்தில் குழி பறிக்கும். அமில அரிப்பில் கிருமிக்குப் பங்கில்லை. உண்ணும் பொருளிலிருந்தோ, இரைப்பையிலிருந்தோ வரும் அமிலம் பல்லின் பரப்பு முழுவதையும் நேரே கரைக்கிறது. ஆகையால்தான், மிகத் தூய்மையாகப் பல் துலக்குவோருக்கும் இது நேர்கிறது.

அமிலம் எங்கிருந்து வருகிறது?

வெளியிலிருந்து வரும் அமிலங்களுள் முதன்மையானவை குளிர்பானங்களும் எலுமிச்சைச் சாறும். கோலா வகைப் பானங்களின் பி.எச். ஏறத்தாழ 2.5. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில். ஊறுகாய், வினிகர், புளி, மென்று தின்னும் வைட்டமின் சி மாத்திரைகள் ஆகியவையும் இவ்வரிசையில் சேரும். நம் ரசத்தையும் குழம்பையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சோற்றோடு கலந்து, உமிழ்நீர் நன்கு சுரக்கும் வேளையில் உண்பதால் அவற்றால் வரும் தீங்கு குறைவு. வெறும் புளியை வாயில் அடக்கிச் சுவைப்பதும், எலுமிச்சைத் துண்டைக் கடித்துச் சப்புவதும், குளிர்பானத்தை மணிக்கணக்கில் சிறிது சிறிதாக உறிஞ்சுவதுமே பல்லைப் பெரிதும் பாதிக்கின்றன.

தயிரும் மோரும் புளிக்கின்றனவே என்ற ஐயம் எழுவது இயல்பு. தயிரின் பி.எச். ஏறத்தாழ 4 தான். ஆயினும் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால், பல்லிலிருந்து அவை வெளியேற இடமில்லாமல் போகிறது. எனவே தயிரால் பல் அரிப்பதில்லை. ஒரு பொருள் புளிப்பாக இருப்பதை மட்டும் கொண்டு அது பல்லுக்குத் தீங்கு செய்யும் என்று முடிவு செய்யலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

உள்ளிருந்து வரும் அமிலம் இன்னும் கடுமையானது. இரைப்பை அமிலத்தின் பி.எச். 1 முதல் 2 வரை இருக்கும். அடிக்கடி எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும் உடையவர்கள், கருவுற்ற காலத்தில் மிகுதியாக வாந்தி எடுப்பவர்கள், புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையின்போது வாந்தியால் அவதியுறுபவர்கள் ஆகியோரின் பற்கள் இவ்வமிலத்தில் நனைகின்றன. மேல்வரிசை முன்பற்களின் உட்புறம் மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டால், இரைப்பையையும் பரிசோதிக்குமாறு நாங்கள் கூறுவது இதனாலேயே. தமக்கு எதுக்களிப்பு நோய் இருப்பதைப் பல் மருத்துவரிடம் வந்த பிறகே அறிந்துகொள்வோரும் உண்டு.

உமிழ்நீர் ஆற்றும் பணி

அமிலம் பட்ட பல்லை இயற்கை கைவிட்டுவிடவில்லை. உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி நீர்க்கச் செய்கிறது. தன்னிடமுள்ள பைகார்பனேட்டால் அதனை முறிக்கிறது. கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டுவந்து, மென்மையான பரப்பை மீண்டும் ஓரளவு இறுகச் செய்கிறது. மேலும், உமிழ்நீரின் புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து காக்கின்றன.

இப்பணிகளுக்கு நேரம் தேவை. அமிலம் அடிக்கடி வந்துகொண்டே இருந்தால் உமிழ்நீரால் ஈடுகொடுக்க இயலாது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உடையவர்களுக்கும், ஒவ்வாமை, மனச்சோர்வு முதலியவற்றுக்கு மருந்து உட்கொள்பவர்களுள் சிலருக்கும் வாய் உலர்ந்துவிடுகிறது. உறங்கும்போது எல்லோருக்குமே உமிழ்நீர் குறையும். இரவில் படுக்கப் போகும்முன் அருந்தும் புளிப்புப் பானம் பகலில் அருந்துவதைவிட அதிகத் தீங்கு செய்வதற்கு இதுவே காரணம்.

பச்சைத் தேயிலை என்ன செய்கிறது?

பச்சைத் தேயிலையும் நாம் அன்றாடம் பயன்படுத்தும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் இலைகள்தாம். நீலகிரி மலைச்சரிவுகளில் இரு வகைகளும் தயாராகின்றன. பறித்த இலையை உடனே ஆவியிலோ சூடான வாணலியிலோ வாட்டி, அதன் நிறத்தை மாற்றும் நொதிகளைச் செயலிழக்கச் செய்தால் அது பச்சைத் தேயிலை. நசுக்கிக் காற்றுப் படவைத்துக் கருக்க விட்டால் கறுப்புத் தேயிலை. பச்சைத் தேயிலையில் கேட்டச்சின் என்னும் தாவர வேதிப்பொருள்கள் பெருமளவு மாறாமல் நிலைத்திருக்கின்றன. அவற்றுள் மிகுதியாக உள்ளதும் அதிகம் ஆராயப்பட்டதும் இ.ஜி.சி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருள்.

அமிலம் டென்டினைக் கரைக்கும்போது முதலில் வெளியேறுவது தாதுப் பொருள். கொலாஜன் நார்வலை உடனே அழிவதில்லை. அது மேற்பரப்பில் ஒரு போர்வைபோல் எஞ்சி நின்று, அடுத்து வரும் அமிலம் உட்புகுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் உமிழ்நீரிலும் டென்டினிலும் எம்.எம்.பி. எனப்படும் நொதிகள் உள்ளன. அமிலச் சூழலில் தூண்டப்படும் இந்நொதிகள், பின்னர் அந்தக் கொலாஜன் போர்வையைச் சிதைத்துவிடுகின்றன. போர்வை போனபின் அடியிலுள்ள டென்டின் மீண்டும் அமிலத்துக்கு இரையாகிறது. இ.ஜி.சி.ஜி. இந்நொதிகளின் செயலைத் தடுக்கிறது. அதனால் போர்வை நீடிக்கிறது. அரிப்பின் வேகம் குறைகிறது.

பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. தன்னார்வலர்கள், மாட்டுப் பல்லின் டென்டின் துண்டுகள் பொருத்திய சாதனத்தைத் தம் வாயில் அணிந்துகொண்டனர். அத்துண்டுகள் குளிர்பானத்தில் நனைக்கப்பட்டன. அதன்பின் பச்சைத் தேநீரால் வாய் கொப்பளித்தபோது, வெறும் நீரால் கொப்பளித்தபோது நேர்ந்ததைவிட டென்டின் தேய்மானம் குறைந்திருந்தது.

இச்செய்தியை அளவறிந்து ஏற்பது நலம். இவை ஒரு சிலரிடம் குறுகிய காலத்தில் செய்யப்பட்ட ஆய்வுகள். பற்சிப்பியில் கொலாஜன் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே மேற்கூறிய நன்மை, பெரும்பாலும் டென்டின் வெளிப்பட்டவர்களுக்கும், ஈறு இறங்கி வேர் தெரியும் முதியோருக்கும் உரியது. கரைந்துபோன பகுதியைத் தேநீர் மீட்டுத் தராது. ஃபுளோரைடு பற்பசைக்கு அது மாற்றும் ஆகாது. துணை என்ற அளவில் மட்டுமே அதனைக் கொள்ள வேண்டும்.

எலுமிச்சையும் தேனும் சேரும்போது

வெறும் பச்சைத் தேநீரின் பி.எச். நடுநிலைக்கு அருகில் இருப்பது. அது பல்லை அரிக்காது. அதில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் பற்சிப்பி கரையத் தொடங்கும் எல்லைக்கும் கீழே இறங்கிவிடும். தேனைச் சேர்த்தால் புளிப்பு நாவுக்குத் தெரியாமல் மறையுமேயன்றி அமிலம் மறையாது. அத்துடன் தேனிலுள்ள சர்க்கரை சொத்தைக் கிருமிகளுக்கு உணவாகிறது. பல்லைக் காக்கும் என்று எண்ணி அருந்தும் பானம் அரிப்புக்கும் சொத்தைக்கும் ஒருசேர வழி திறந்துவிடுகிறது.

காலையில் இதனை அருந்தியவுடன் பல் துலக்குவோர், தீங்கை மேலும் கூட்டிக்கொள்கின்றனர். அமிலத்தால் மென்மையான பரப்பைத் தூரிகை எளிதில் உராய்ந்து எடுத்துவிடும். கரித்தூள், உப்பு, செங்கல் தூள் ஆகியவற்றால் தேய்ப்போருக்கு இழப்பு இன்னும் அதிகம். புட்டியில் அடைத்து விற்கும் எலுமிச்சை ஐஸ் டீ வகைகளில் சிட்ரிக் அமிலமும் சர்க்கரையும் சேர்க்கப்படுவது வழக்கம். உறையின்மேல் தேயிலைப் படம் இருந்தாலும் பல்லைப் பொறுத்தவரை அவை குளிர்பானங்களே.

எவரெவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்?

பச்சைத் தேநீர் எல்லோருக்கும் பொருந்துவதன்று. மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

இரத்தசோகை உடையவர்களும் கருவுற்ற தாய்மார்களும்: தேநீர், கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். உணவுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்றவர்கள் காபி, தேநீர் அனைத்திலிருந்தும் பெறும் கஃபீன் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்து உட்கொள்பவர்கள்: இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்துக்கொள்வோர் பச்சைத் தேநீரை மிகுதியாக அருந்தினால் மருந்தின் பயன் மாறக்கூடும். இரத்த அழுத்தத்துக்கான நடோலால் மருந்தின் அளவை அது இரத்தத்தில் குறைத்துவிடும். போர்டிசோமிப் என்னும் புற்றுநோய் மருந்தின் செயலை இ.ஜி.சி.ஜி. தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அம்மருந்தைப் பெறுவோர் பச்சைத் தேநீரைத் தவிர்த்தல் வேண்டும்.

எதுக்களிப்பு நோயாளிகள்: தேநீரிலுள்ள கஃபீன் சிலருக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டும். அத்தகையோருக்குப் பச்சைத் தேநீர் பல்லைக் காப்பதற்கு மாறாக, இரைப்பை அமிலத்தை மேலே வரச்செய்து கெடுதலே விளைவிக்கலாம்.

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்வோர்: தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை ஈர்த்து இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்போர், நாளெல்லாம் தேநீர் அருந்துவதைத் தவிர்ப்பது நல்லது.

பச்சைத் தேயிலைச் சாறு அடங்கிய மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. தரும் மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்துள்ளது. கோப்பையில் அருந்தும் தேநீரோடு இம்மாத்திரைகளை ஒன்றாக எண்ணலாகாது.

அன்றாடம் செய்யத்தக்கவை

1. பச்சைத் தேநீர் அருந்துவதாயின் எலுமிச்சை, சர்க்கரை, தேன் ஆகியவை சேர்க்காமல் அருந்துக. கொதித்த நீரைச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, இலையை 2 அல்லது 3 நிமிடங்கள் மட்டும் ஊறவைத்தால் கசப்புக் குறையும்; சர்க்கரை தேவைப்படாது.

2. மிகச் சூடாக அருந்த வேண்டாம். 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்தும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் வகைப்படுத்தியுள்ளது.

3. புளிப்பான எதையேனும் உண்டபின் வெறும் நீரால் நன்கு கொப்பளிக்கவும். பல் துலக்குவதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருக்கவும்.

4. எலுமிச்சைச் சாறு அருந்த விரும்பினால் உணவோடு, ஒரே வேளையில் அருந்தி முடிக்கவும். வாயில் அடக்கி வைத்திருக்கவோ, நெடுநேரம் உறிஞ்சவோ வேண்டாம்.

5. ஃபுளோரைடு உள்ள பற்பசையையும் மென்மையான தூரிகையையும் பயன்படுத்துக. துலக்கியபின் நுரையை உமிழ்ந்துவிட்டால் போதும். நிறைய நீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவப்பட்டுவிடும்.

6. இரவில் பல் துலக்கியபின் நீர் தவிர வேறெதுவும் அருந்த வேண்டாம்.

குடும்பத்தாரின் கவனத்துக்கு

நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்கள் அன்பின் மிகுதியால் செய்யும் சில செயல்கள் பல்லுக்குப் பகையாகிவிடுகின்றன. குமட்டலுக்கு இதம் என்று எலுமிச்சைத் துண்டைச் சப்பக் கொடுப்பதும், வாய் உலர்கிறதென்று புளிப்பு மிட்டாய் தருவதும் அத்தகையவை. அவற்றுக்கு மாற்றாகச் சிறு மிடறுகளாக நீரோ, மருத்துவர் அனுமதித்தால் மோரோ கொடுக்கலாம்.

நோயாளி வாந்தி எடுத்தவுடன் வாயைத் தூய்மை செய்ய எண்ணிப் பல் துலக்கிவிட வேண்டாம். ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளிக்கச் செய்து உமிழவைக்கவும். அது அமிலத்தை முறிக்கும். வாயின் கசப்பும் நீங்கும். இக்கரைசலை விழுங்கலாகாது, உப்பைக் குறைக்க வேண்டிய இதய, சிறுநீரக நோயாளிகளின் வகையில் இதில் கூடுதல் கவனம் தேவை. தாமே கொப்பளித்து உமிழ இயலாதவர்களுக்கு, நீரில் நனைத்த மென்துணியால் வாயைத் துடைத்துவிட்டால் போதும்.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

பல்லின் ஓரம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவத் தோன்றுதல், பற்கள் முன்பைவிட மஞ்சளாகத் தெரிதல், கடைவாய்ப் பற்களின் மேடுகளில் சிறு கிண்ணம்போன்ற பள்ளங்கள், பல் தேய்ந்து அடைப்பு மட்டும் மேலெழுந்து நிற்றல், தொடர்ந்த கூச்சம் ஆகியவை அமில அரிப்பின் அறிகுறிகள். தொடக்கத்தில் கண்டறிந்தால் ஃபுளோரைடு பூச்சாலும் உணவுப் பழக்க மாற்றத்தாலும் அரிப்பை நிறுத்திவிட இயலும். முற்றியபின் அடைப்பும் உறையும் தேவைப்படும்.

வரும்போது, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், மூன்று நாட்களில் உண்டவை, பருகியவை எவை, எந்நேரத்தில் என்ற குறிப்பையும் எழுதி எடுத்து வாருங்கள். பல்லைப் பார்த்து நாங்கள் அறிவது பாதி. மீதியை அந்தக் குறிப்பே எங்களுக்குச் சொல்லும். எதுக்களிப்போ வாந்தியோ இருப்பின் அதனைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

காலையில் ஒரு கோப்பை பச்சைத் தேநீர் உங்களுக்கு விருப்பமானதாகவும், உங்கள் மருத்துவர் தடை சொல்லாததாகவும் இருந்தால் அதனை மகிழ்ச்சியோடு அருந்துங்கள். எலுமிச்சையை மட்டும் மதியச் சோற்றுக்கென்று எடுத்து வையுங்கள்.